வீடும் கூட வருகிறது!

"நாலு நாள் எங்கேயாவது போய்விட்டு வரலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் பெண்களுக்கு முதலில் என்ன தோன்றும்? மலையா, கடலா என்பதல்ல. "அங்கே சமையலுக்கு என்ன வழி? குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா? ராத்திரி படுக்கை எங்கே?" என்பதுதான். அந்த நாளில் குலதெய்வம் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போன பாட்டிமார்கள், வெண்கலப் பானையிலிருந்து ஊறுகாய் ஜாடி வரை வண்டியில் ஏற்றிக்கொண்டது இதனால்தான்.

அமெரிக்கர்கள் இந்தக் கவலைக்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்கள். சாமான்களை மட்டும் ஏற்றுவானேன், வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டால் என்ன? அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அங்கே இதை 'ஆர்.வி.' என்று சொல்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பஸ் மாதிரி தானே ஓடும் மோட்டார் வீடு. மற்றொன்று, காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் டிரெயிலர் வீடு.

இப்படி ஊர் சுற்றிவிட்டு வந்தவர்களிடம் "பிரயாணம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். மலையைப் பற்றி ஒரு வாக்கியம் வரும். பட்ட பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே! அமெரிக்காவில் இருக்கும் என் அக்காவின் குடும்பத்தோடு நானும் ஐந்து நாள் ஒரு மோட்டார் வீட்டில் குடித்தனம் நடத்திவிட்டு வந்தேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: பிரயாணத்துக் கஷ்டங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பிற்பாடு சொல்லிச் சிரிக்கக் கூடியது. மற்றொன்று, சொல்வதற்கே ஆளில்லாமல் செய்துவிடக் கூடியது. நடக்கிற சமயத்தில் முதல் ஜாதிதான் மலை போலத் தெரிகிறது. இரண்டாவது ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து நிற்கும்; நமக்குத் தெரியவே தெரியாது.

மனைவி சொன்ன 'மாட்டேன்'

வாலி பையாம் என்று ஒருவர். 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பத்திரிகை நடத்தி வந்தார். கூடாரம் அடித்துத் தங்குவதில் மனிதருக்கு ஒரே மோகம். அவர் மனைவி மேரியனுக்கோ தரையில் படுப்பதும் பிடிக்காது, கரடுமுரடான இடத்தில் சமைப்பதும் பிடிக்காது. "சமையலறை இல்லாமல் நான் வரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மனிதர் யோசித்தார். ஃபோர்டு 'மாடல் டி' காரின் அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் ஒரு கூடாரத்தைப் பொருத்தினார். ஒவ்வோர் இடத்திலும் அதை விரித்துக் கட்டுவதற்குள் பிராணன் போயிற்று. மழை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மறுபடியும் முயன்று, நீர்த்துளி வடிவத்தில் கெட்டியான ஒரு கூடு கட்டினார். உள்ளே ஓர் ஐஸ் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அவ்வளவுதான், போகிற வழியெல்லாம் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு, "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1931-ல் 'ஏர்ஸ்ட்ரீம்' கம்பெனி பிறந்தது இப்படித்தான். 1936-லிருந்து அவர்கள் செய்துவரும் பளபளக்கும் அலுமினிய வண்டிகள் இன்றும் பிரசித்தம். ஒரு பெண்மணி பட்ட கஷ்டத்தையும், அவள் தைரியமாகச் சொன்ன 'மாட்டே'னையும் அஸ்திவாரமாக வைத்துத்தான் இந்த வியாபாரமே எழுந்தது.

ஆனால் சமையலறை வந்துவிட்டதால் கஷ்டம் போய்விட்டதா? 1951-ல் இதே பையாம், டிரெயிலர்காரர்களை ஒன்று திரட்டி மெக்ஸிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்கு ஒரு பெரிய ஊர்வலம் கிளம்பினார். புறப்பட்டவை 63 வண்டிகள். நிகராகுவா தேசத்தின் தலைநகரான மனாகுவா வரை போய்ச் சேர்ந்தவை 14! மற்ற 49 குடும்பங்களும் வழியிலேயே ஓய்ந்துவிட்டன. பையாம் மட்டும் சளைக்கவில்லை. 1959-ல் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை போக 41 டிரெயிலர்களோடு மறுபடியும் புறப்பட்டார். அந்த வண்டிகள் பிரமிடுகளுக்கு எதிரே நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. படத்தில் சேறு தெரியாது. வழியில் அது ஏராளமாக இருந்தது.

கல் சேர்த்த கதாநாயகி

1954-ல் 'தி லாங், லாங் டிரெயிலர்' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. நிஜ வாழ்க்கையிலும் தம்பதிகளான லூஸில் பாலும் டெஸி ஆர்னாஸும் அதில் புதுமணத் தம்பதிகளாக நடித்தார்கள். புது வீடு கட்டுவதற்குப் பதிலாக நீண்ட டிரெயிலர் ஒன்றை வாங்கிக்கொண்டு தேனிலவுக்குப் புறப்படுகிறார்கள். புருஷன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மனைவி பின்னால் டிரெயிலருக்குள் நின்று இரவுச் சாப்பாடு தயார் செய்கிறாள். 'அவர் வந்து நிறுத்தியதும் இலை போட்டுவிடலாம்' என்று எண்ணம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு பாத்திரமாகச் சரிந்து, கடைசியில் சமையல் முழுவதும் அவள் மேலேயே அபிஷேகமாகிறது!

பார்க்கிறவர்களுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. ஆனால் ஓடும் டிரெயிலருக்குள் மனிதர்கள் இருக்கவே கூடாது என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. காரிலிருந்து டிரெயிலர் கழன்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன?

அதே படத்தில் இன்னொரு கட்டம். போகிற இடத்திலெல்லாம் ஞாபகார்த்தமாக ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பெண்ணின் வழக்கம். "தூக்கி எறி" என்று புருஷன் சொல்லியும் கேளாமல் ஒளித்து வைக்கிறாள். செங்குத்தான மலைப்பாதையில் வண்டி ஏறும்போது குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

கல் விஷயம் வெறும் சினிமா வேடிக்கை அல்ல. வண்டிக்குத் தாங்கும் எடை என்று ஒன்று உண்டு. நாம் கணக்கில் சேர்க்காத சாமான்தான் அதை மீறுகிறது. தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 150 லிட்டர் நிரப்பினால் 150 கிலோ. இரண்டு பெரிய ஆட்களை ஏற்றிக்கொண்ட மாதிரி. அதிலும் டிரெயிலரில் எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு காரோடு சேரும் கொக்கியின் மேல் அமர வேண்டும். கனமான சாமான்களையெல்லாம் வால் பக்கத்தில் அடுக்கிவிட்டால், வேகத்தில் டிரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பயந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆட்டம் ஜாஸ்தியாகி, காரையே புரட்டிவிடக் கூடும். வேகத்தை மெல்லக் குறைத்து, டிரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் பிடிப்பதுதான் முறை. மூட்டை அடுக்கும் வேலை எந்த வீட்டிலும் யார் தலையில் விழுகிறது? அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

எழுத்தாளரும் நாயும்

1960-ல் ஜான் ஸ்டைன்பெக் தமது 58-வது வயதில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். ஒரு லாரியின் முதுகில் சிறு வீட்டைப் பொருத்தி, டான் குவிக்ஸாட்டின் குதிரையான 'ரோஸினாண்டே'யின் பெயரை அதற்கு வைத்தார். துணைக்கு வந்தது சார்லி என்ற பூடில் ஜாதி நாய். இந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1962-ல் வெளிவந்தது. அதே வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கஷ்டகாலம் வீட்டு வாசலிலேயே ஆரம்பமாயிற்று. புறப்படும் தறுவாயில் 'டோனா' என்ற பெரும்புயல் அடித்தது. தமது படகைக் காப்பாற்ற மனிதர் புயலிலேயே தண்ணீரில் குதித்தார். பிறகு நயாகராவில் எல்லையைத் தாண்டிக் கானடா வழியாகப் போக நினைத்தால், நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட சர்ட்டிபிகேட் இல்லை. அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது தகராறு என்றார்கள். சரியென்று வண்டியைத் திருப்பினால், கானடாவுக்குள் போகாதவரையே போய் வந்தவராகப் பாவித்துச் சோதனை போட்டார்கள் சொந்த நாட்டு அதிகாரிகள்! யெல்லோஸ்டோன் காட்டில் கரடியைப் பார்த்ததும், பரம சாதுவான சார்லிக்கு ஆவேசம் வந்துவிட்டது. காட்சி எதையும் பாராமலே திரும்ப வேண்டியதாயிற்று. ஆரிகன் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழை, டயர் வெடிப்பு, சேறு. எல்லாம் முடிந்து ஊர் திரும்பியவர், எங்கே வழி தவறினார் தெரியுமா? நியூயார்க்கில், வீட்டுக்குப் பக்கத்திலேயே!

ஆனால் நம் பெண்மணிகள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியை ரப்பர்க் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் அழுக்குத் துணி, தண்ணீர், சோப்பு எல்லாம் போட்டு மூடிவிடுவார். நாள் முழுவதும் வண்டி குலுங்குகிற குலுக்கலில் துணி தானே துவைபடும். சாயங்காலம் அலசி உலர்த்த வேண்டியதுதான். ரோட்டுப் பள்ளத்தைக்கூட வண்ணானாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது.

ஸ்டைன்பெக் பல இரவுகளை வண்டியில் அல்ல, ஓட்டல்களில்தான் கழித்தார் என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளர் அவர் போன வழியிலேயே போய் ஆராய்ந்து எழுதினார். இதற்காக எழுத்தாளரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வண்டியில் ஐந்து இரவு படுத்தவள் நான்!

சொல்லக் கூசும் சங்கதி

மோட்டார் வீட்டில் இரண்டு கழிவுத் தொட்டிகள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் ஒன்றில். கக்கூஸ் கழிவு மற்றொன்றில். இரண்டையும் அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டி நாமேதான் காலி செய்ய வேண்டும். குழாயைச் சரியாகப் பொருத்தாமல் திருகைத் திறந்தவர்களின் அனுபவத்தை நான் விவரிக்கப் போவதில்லை. 2006-ல் வந்த 'ஆர்.வி.' என்ற படத்தில் ராபின் வில்லியம்ஸ் அதைச் சாங்கோபாங்கமாக நடித்துக் காட்டியிருக்கிறார்.

எங்கள் அத்திம்பேர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தத் திருப்பணியைச் செய்தபோது, குழந்தைகள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். மறுநாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த தயிர் புளித்துப் பொங்கியது. பல வண்டிகளில் அந்தப் பெட்டி எரிவாயுச் சுடரின் உஷ்ணத்தால் வேலை செய்கிறது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதற்குள் ஓட வேண்டிய திரவம் ஓடாமல் தேங்கிவிடும், குளிர்ச்சி போய்விடும். நாங்கள் சரிவில் நிறுத்தியிருந்தோம். "ஒரு நாழி சமதரையா பாத்து நிறுத்தப்படாதோ?" என்று அக்கா சண்டை போட்டாள். இதெல்லாம் முதல் ஜாதிக் கஷ்டம். இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

இரண்டாவது ஜாதிக்கு முன்னுரை மாதிரி ஒன்று சொல்கிறேன். வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம். அதன் அடியில் போக 11 அடி 8 அங்குலந்தான் இடம். எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் வைத்தும், உயரமான லாரிகளும் மோட்டார் வீடுகளும் வந்து வந்து முட்டி, தகர டப்பாவின் மூடி உரிவது போல் கூரை உரிந்து போயின. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அப்புறமும் முட்டல் நிற்கவில்லை! காரோட்டிப் பழகியவர்களுக்குத் தலைக்குமேல் ஒரு குளிரூட்டும் பெட்டியும் கூட வருகிறது என்ற ஞாபகமே இருப்பதில்லை. வண்டியின் உயரத்தைக் காகிதத்தில் எழுதி, ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது உத்தமம்.

அந்த நாலாவது இரவு

வயோமிங் மாநிலத்தில் மலைமேல் ஒரு முகாம் மைதானம். செப்டம்பர் மாதம். இருட்டியதும் விறைக்க வைக்கும் குளிர். மின்சார இணைப்பு அங்கே கிடையாது. ராத்திரியில் ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. வண்டிக்குள் உஷ்ணம் தரும் கருவி எரிவாயுவில் எரிந்தாலும், அந்த வெப்பத்தை ஊதிவிடும் விசிறிக்கு வண்டியின் பாட்டரி வேண்டும். சாயங்காலம் முழுவதும் குழந்தைகள் விளக்குகளைப் போட்டபடி சீட்டு விளையாடியிருந்தார்கள். பதினொரு மணிக்குப் பாட்டரி ஓய்ந்தது. விசிறி நின்றது.

சின்னவன் குளிரில் முனக ஆரம்பித்தான். எந்தத் தாய்க்கு மனம் பொறுக்கும்? அக்கா எழுந்து சமையல் அடுப்பில் இரண்டு பர்னர்களை ஏற்றினாள். கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தில் துவாலையை அடைத்தாள். ஜன்னல்களை இறுக்க மூடினாள். பத்து நிமிஷத்தில் உள்ளே இதமாக இருந்தது. "இப்பதான் ஆத்துல இருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

எனக்கு லேசாகத் தலையை வலித்தது. மலை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக்கொண்டு கண்ணை மூடினேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. 'கீ, கீ, கீ, கீ' என்று காதைத் துளைக்கும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் நாலு தடவை. சுவரில் தாழ்வாகப் பொருத்தியிருந்த ஒரு வெள்ளைப் பெட்டிதான் கத்தியது.

"ஏன்னா, என்ன கத்தறது அது?" என்றாள் அக்கா.

"பாட்டரி தீர்ந்திருக்கும். ஆத்துலயும் இப்படித்தானே கத்தும்? கழட்டி வெச்சுட்டா சரியாப் போயிடும். நீ தூங்கு" என்று அத்திம்பேர் தள்ளாடி எழுந்து அதைத் திருக ஆரம்பித்தார். எழுந்தவருக்கு நிற்க முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பத்து வயதுப் பெண் போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: "அப்பா, கழட்டாதே! பாட்டரின்னா எப்பவாவது ஒரு தடவைதான் கத்தும். நாலு நாலா கத்தினா உடனே வெளியில போகணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு!"

வண்டியை வாடகைக்கு எடுத்தபோது கொடுத்த கையேட்டை எங்களில் படித்தவள் அவள் ஒருத்திதான். வழியில் படிப்பதற்கு வேறு புத்தகம் இல்லையாம்!

குழந்தைகளை வாரிக்கொண்டு, போர்வையோடு வெளியே ஓடினோம். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. சின்னவன் வாந்தி எடுத்தான். பிறகு அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் அக்காவுக்கு உயிர் வந்தது. பக்கத்து வண்டியில் இருந்த அமெரிக்கப் பாட்டி ஒருத்தி விளக்கோடு ஓடி வந்து எங்களைத் தன் வண்டியில் உட்கார வைத்தாள். அவசர உதவிக்கும் சொல்லி அனுப்பினாள். வந்தவர்கள் எல்லோரையும் பரிசோதித்து, ஆக்ஸிஜன் கொடுத்து, "பிழைத்தீர்கள்" என்றார்கள்.

அடுப்பு எரிய எரிய, மூடிய இடத்தில் பிராணவாயு குறைகிறது. எரிவது அரைகுறையாகிக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சமையல் வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும், அதற்கென்றே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு அந்தத் தயவும் கிடையாது. இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் இவைதான் அடையாளம். தூங்குகிறவர்களுக்கு அடையாளமும் தெரியாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். தீ விபத்துகளைச் சேர்க்காமலே அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் இந்த வாயுவுக்குப் பலியாகிறார்கள் என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதார இலாகா சொல்கிறது.

அக்கா செய்தது என்ன? நம் வீடுகளில் மழைக்காலத்தில் எல்லோரும் செய்வதுதான். அடுப்படியில் உட்கார்ந்து குளிர்காய்வோம். ஆனால் நம் வீட்டில் கதவு இடுக்கு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, முற்றம் இருக்கிறது. சக்கரத்தின் மேல் இருப்பது பார்வைக்குத்தான் வீடு. காற்றுக்கு அது ஒரு பெட்டி. வீட்டுப் பழக்கம் அத்தனையும் அதற்குள் செல்லாது.

விடிந்ததும் அக்கா எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டுக் காப்பி போட்டாள். புளித்த தயிரைப் பற்றியோ, சரிவில் நிறுத்தியதைப் பற்றியோ அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை மற்றக் கதைகளையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இந்த ஒன்றை மட்டும் சொல்லுவதில்லை. அதனால்தான் நான் சொல்லுகிறேன்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவிலிருந்து, "வீட்டு வண்டியில் ஊர் சுற்றலாம், வாம்மா" என்று கூப்பிட்டால் பேஷாகப் போய் வாருங்கள். டயர் வெடித்தால் வெடிக்கட்டும். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு வைத்துவிடலாம். ஆனால் வண்டியில் ஏறியதும், கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வெள்ளைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் பொத்தானை அழுத்தி, குரல் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுப்பைச் சமையலுக்கு மட்டும் ஏற்றுங்கள். ஏற்றும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்கு இன்னும் இரண்டு கம்பளி எடுத்துக்கொண்டால் போகிறது.

கையேட்டைக் குழந்தையிடம் கொடுக்கவும் மறந்துவிடாதீர்கள்!